ஃபைல் சேமிக்க விடாத 'பெர்மிஷன் டினைட்': எந்த வழியை எடுப்பது?

ஒரு புரோகிராம் தன் டேட்டாவைச் சேமிக்க முடியாமல் 'பெர்மிஷன் டினைட்' என்று நின்றுவிட்டால், கேட்கிற இடத்திலெல்லாம் இரண்டே பதில்தான் கிடைக்கும். விண்டோஸ் என்றால் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுங்க'. லினக்ஸ் என்றால் '777 போட்டுடுங்க', அதாவது எல்லோருக்கும் எல்லா உரிமையும். எதைச் செய்தாலும் அந்த நேரத்துக்குக் காரியம் ஆகிவிடும். அவசரமில்லாத நாளில் வந்தால் நிதானமாக யோசிக்கலாம்தான். ஆனால் பெங்களூரில் நம்மவர்கள் நடத்தும் கடைகளில் இந்தப் பிழை கண்ணில் படுவது பெரும்பாலும் மாதம் 10ஆம் தேதி மாலையில். மறுநாள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். விற்பனைப் பட்டியலை எக்செலுக்கு எடுத்தே ஆக வேண்டும். அந்த அவசரத்தில் போட்ட அட்மினிஸ்ட்ரேட்டர் டிக் அப்புறம் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

சிக்பேட்டையில் ஜவுளி மொத்தக் கடை, பீன்யாவில் அளவுக் கருவியிலிருந்து ரீடிங் எடுத்துச் சேமிக்கும் லேத் பட்டறை, எலக்ட்ரானிக் சிட்டியில் லினக்ஸ் சர்வரில் ஸ்கிரிப்ட் ஓட்டும் இளைஞர்கள் என்று மூன்று தரப்பிலும் இதே பிழையைப் பார்க்கிறேன். மூவருக்கும் ஒரே மருந்து பொருந்தாது. ஆனால் என் கருத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புரோகிராமுக்கு அதிகாரத்தைக் கூட்டுவதைவிட, டேட்டா இருக்கும் இடத்தை மாற்றுவதே பெரும்பாலான சமயம் சரியான வழி. ஏன் என்பதைக் கீழே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வழிகளை ஒப்பிடும் முன்பு: இது அனுமதிப் பிரச்சினைதானா?

இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுவதால்தான் நிறைய நேரம் வீணாகிறது. விண்டோஸில் பைத்தான் (புரோகிராம் எழுதும் ஒரு மொழி) காட்டும் 'பெர்மிஷன் எரர், எர்னோ 13' என்பதற்குப் பின்னால் அனுமதிக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்கள் ஒளிந்திருக்கும். அவற்றில் முதலிடம் எக்செலுக்கு. ஒரு சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) எக்செலில் திறந்து வைத்திருக்கும்போது, வேறு எந்தப் புரோகிராமும் அதில் எழுத விண்டோஸ் விடாது. விண்டோஸுக்குள் அதற்குத் தனிப் பிழை எண் உண்டு: பகிர்வுத் தடை என்றால் 32, உண்மையான அனுமதி மறுப்பு என்றால் 5. பைத்தானில் ஃபைலைத் திறக்கும்போது இரண்டும் ஒரே 13 ஆகச் சுருங்கிவிடுகின்றன. எக்செலை மூடிய பிறகும் தீரவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ஜன்னல் இல்லாத எக்செல் ஒன்று பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது, ஃபைலின் பெயர் கொடுக்க வேண்டிய இடத்தில் ஃபோல்டரின் பெயரை மட்டும் கொடுத்துவிடுவது. லினக்ஸ் 'இது ஒரு டைரக்டரி' என்று நேராகச் சொல்லிவிடும். விண்டோஸில் அதே தவறுக்கு அனுமதி மறுப்பு என்றே பைத்தான் சொல்லும். அனுமதிகளை மாற்றி மாற்றி அரை நாள் கழியும், உண்மையில் விடுபட்டது கடைசியில் ஒரு ஃபைல் பெயர்.

ஆகவே கையோடு இரண்டு சோதனை செய்துவிடுங்கள். முதலாவது, அதே ஃபோல்டரில் வேறு பெயரில் சேமித்துப் பாருங்கள். சேமிக்க முடிந்தால் இடத்தில் குறையில்லை, அந்த ஒரு ஃபைல்தான் பிரச்சினை: யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள், அல்லது அதற்கு ரீட்-ஒன்லி குறி இருக்கிறது. இரண்டாவது, அதே ஃபோல்டரில் நோட்பேட் மூலம் ஒரு சின்ன ஃபைல் சேமித்துப் பாருங்கள். நோட்பேடுக்கும் மறுப்பு வந்தால் உங்கள் லாகினுக்கு அங்கே எழுத உரிமை இல்லை. நோட்பேட் எழுதுகிறது, உங்கள் புரோகிராம் மட்டும் எழுத முடியவில்லை என்றால் யாரோ அந்தப் புரோகிராமைக் குறி வைத்துத் தடுக்கிறார்கள். பெரும்பாலும் ஆன்டிவைரஸ். அல்லது 2017இல் விண்டோஸ் 10இன் 1709 பதிப்போடு வந்த 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்'. ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரைத் தடுக்க வந்த வசதி அது. தானாக இயங்காது, யாராவது இயக்கியிருந்தால்தான் உண்டு. இயக்கியிருந்தால், தனக்குத் தெரியாத புரோகிராம்கள் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களில் எழுதுவதை நிறுத்திவிடும்.

அந்த நிலையில் வசதியையே அணைத்துவிட வேண்டாம். விண்டோஸ் செக்யூரிட்டியில் ரான்சம்வேர் பகுதிக்குப் போய் உங்கள் புரோகிராமை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேருங்கள். பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நீங்கள் பட்டியலில் சேர்ப்பது உங்கள் ஸ்கிரிப்டை அல்ல, அதை ஓட்டும் பைத்தான் இன்டர்பிரெட்டரை. அதைச் சேர்த்துவிட்டால் அந்தக் கணினியில் ஓடும் எல்லா பைத்தான் ஸ்கிரிப்டுக்கும் கதவு திறந்துவிடும். அதைவிட, பாதுகாக்கப்படாத வேறொரு ஃபோல்டரில் சேமிக்கச் சொல்வது நல்லது.

ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்

அரை நிமிட வேலை, பணம் செலவில்லை, உடனே பலன். இதன் பக்கம் சொல்ல இருப்பது இவ்வளவுதான். விலை பின்னால் வருகிறது, அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பழைய கதை வேண்டும்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் வீட்டுக் கணினிகளிலும் கடைக் கணினிகளிலும் எல்லோரும் அட்மினிஸ்ட்ரேட்டராகவே இருந்தார்கள். அதனால் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதியவர்கள், புரோகிராம் ஃபைல்ஸுக்குள் தங்கள் சொந்த ஃபோல்டரிலேயே டேட்டாவையும் வைத்துப் பழகினார்கள். 2007இல் விஸ்டா வந்தபோது, அட்மின் லாகினில் இருந்தாலும் புரோகிராம்கள் சாதாரண உரிமையோடுதான் ஓடும் என்று ஆனது. புரோகிராம் ஃபைல்ஸில் எழுதும் உரிமை போயிற்று. பழைய சாஃப்ட்வேர்கள் எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடக் கூடாது என்பதற்காக மைக்ரோசாஃப்ட் ஒரு ஏற்பாடு செய்தது. பழைய 32-பிட் புரோகிராம் ஒன்று புரோகிராம் ஃபைல்ஸில் எழுத முயன்றால், விண்டோஸ் அதை மறுக்காமல், சத்தமில்லாமல் அந்த ஃபைலை வேறு இடத்தில் எழுதிவிடும். அந்த இடம், பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் லோக்கல் என்பதற்குள் இருக்கும் 'வர்ச்சுவல்ஸ்டோர்'. புரோகிராம் திரும்பப் படிக்கும்போதும் அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கும். எழுதிய புரோகிராமுக்குக்கூட இது தெரியாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு, அந்தப் புரோகிராமுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் டிக் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். அட்மின் உரிமையோடு ஓடும் புரோகிராமுக்கு இந்த மறைமுக ஏற்பாடு கிடையாது. அது நேராகப் புரோகிராம் ஃபைல்ஸில் இருக்கும் பழைய ஃபைலைத் திறக்கும். நேற்று வரை போட்ட பில்களெல்லாம் வர்ச்சுவல்ஸ்டோரில் இருக்கின்றன. திரையிலோ காலியான பட்டியல். "அண்ணே, பில் எல்லாம் அழிஞ்சுபோச்சு" என்று பதறிக்கொண்டு போன் வரும். அழியவில்லை. டிக்கை எடுத்தால் பழையது வரும், ஆனால் டிக் இருந்தபோது போட்டவை மறையும். இரண்டு நாள் இப்படியும் மூன்று நாள் அப்படியும் வேலை நடந்திருந்தால் பில் எண்கள் இரட்டிப்பாகியிருக்கும். அதைக் கையால் ஒன்று சேர்ப்பது கணக்காளருக்கு நரக வேதனை. இந்த வர்ச்சுவல்ஸ்டோர் பயனருக்குப் பயனர் தனி என்பதால், கவுன்டரில் இரண்டு பேர் இரண்டு லாகினில் வேலை செய்தால் இருவருக்கும் இரண்டு விதமான கணக்கு தெரியும்.

'நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு' என்ற கேள்விக்குப் பல இடங்களில் விடையும் இதுதான். 64-பிட் புரோகிராம்களுக்கு இந்த ஏற்பாடு இல்லை. சாஃப்ட்வேரைப் புதுப் பதிப்புக்கு மாற்றிய அன்றே முதல் தடவையாக அனுமதி மறுப்பு தோன்றும்.

அட்மின் வழியில் இன்னும் இரண்டு சிக்கல் உண்டு. சர்வரில் இருக்கும் ஃபோல்டரை இசட் டிரைவாக மேப் செய்து வைத்திருப்பீர்கள். சாதாரணமாகத் திறந்த எக்ஸ்ப்ளோரரில் அது தெரியும். அட்மினாகத் திறந்த புரோகிராமில், பொதுவாக, அந்த டிரைவே இருக்காது, ஏனென்றால் மேப்பிங் அந்தந்த உரிமை நிலைக்குத் தனித்தனி. இரண்டாவது, ஊழியரின் சாதாரண லாகினில் முதலாளியின் பாஸ்வேர்ட் போட்டு அட்மினாகத் திறந்தால், அந்தப் புரோகிராம் முதலாளியாகவே ஓடும். 'டாக்குமென்ட்ஸில் சேமி' என்றால் முதலாளியின் டாக்குமென்ட்ஸுக்குப் போகும். ஊழியர் தன் டாக்குமென்ட்ஸில் தேடிக்கொண்டிருப்பார்.

பாதுகாப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கவுன்டரில் உட்காரும் எல்லோருக்கும் அட்மின் பாஸ்வேர்ட் தெரிந்தால் அது பாஸ்வேர்டே இல்லை. புதிதாக ஒன்றை நிறுவ, அப்டேட் போட, பிழை அனுமதியால் வருகிறதா என்று ஒருமுறை உறுதி செய்ய என்ற அளவில் இந்த வழியை நிறுத்திக்கொள்ளுங்கள். அன்றாட ஓட்டத்துக்கு ஒருபோதும் வேண்டாம்.

ஃபோல்டருக்கு உரிமை கொடுப்பதா, ஃபோல்டரை மாற்றுவதா

சாஃப்ட்வேரை எழுதியவர் எங்கே போனார் என்றே தெரியாது, சோர்ஸ் கோடும் (புரோகிராமின் மூல வரிகள்) கையில் இல்லை. சிறு கடைகளில் பாதி இப்படித்தான். அவர்களுக்கு உண்மையான தேர்வு இந்த இரண்டுக்கும் நடுவில்.

உரிமை கொடுப்பது என்றால், டேட்டா ஃபோல்டரில் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, எடிட் என்று போய், 'யூசர்ஸ்' குழுவுக்கு 'மாடிஃபை' கொடுப்பது. இங்கே பலர் 'எவ்ரிஒன்' சேர்த்து 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுத்துவிடுகிறார்கள். தேவையே இல்லை. மாடிஃபை இருந்தாலே படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். ஃபுல் கன்ட்ரோல் கூடுதலாகத் தருவது அனுமதிகளையே மாற்றும் உரிமையும், உரிமையாளர் பட்டத்தைத் தனக்கு எடுத்துக்கொள்ளும் உரிமையும். பில் போடுகிறவருக்கு அது எதற்கு?

புரோகிராம் இருக்கும் ஃபோல்டர் முழுவதற்கும் கொடுக்காதீர்கள், டேட்டா இருக்கும் உள் ஃபோல்டருக்கு மட்டும் கொடுங்கள். புரோகிராமின் எக்ஸிகியூட்டபிள் ஃபைலையே யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று ஆகிவிட்டால், ஏதோ ஒரு வைரஸ் அதை மாற்றி வைக்கும். அடுத்த முறை அட்மின் உரிமையோடு அதைத் திறக்கிறவர் முழுக் கணினியையும் கொடுத்துவிடுவார். இன்னொன்று, உரிமையை ஒற்றை ஃபைலுக்குக் கொடுத்து நிறுத்திவிடாதீர்கள். எக்செல் சேமிக்கும்போது அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிக ஃபைலை எழுதி, பிறகு பெயர் மாற்றுகிறது. எஸ்கியூலைட் (ஒரே ஃபைலில் இருக்கும் டேட்டாபேஸ்) என்பதும் அப்படியே, தன் ஜர்னல் என்ற துணை ஃபைலை டேட்டாபேஸுக்குப் பக்கத்திலேயே உருவாக்கும். ஃபைலுக்கு மட்டும் உரிமை இருந்து ஃபோல்டருக்கு இல்லையென்றால் இரண்டுமே தடுமாறும்.

இடம் மாற்றுவது என்றால், சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு சி டிரைவின் மேல் மட்டத்தில் தனி ஃபோல்டர் உருவாக்கி அங்கே நிறுவுவது. விண்டோஸின் இயல்பான அமைப்பில், சி டிரைவின் வேரில் ஃபைலை நேராக வைக்கச் சாதாரணப் பயனருக்கு உரிமை இல்லை. ஆனால் அங்கே புதிதாக உருவாக்கிய ஃபோல்டருக்குள் லாகின் செய்த எல்லோருக்கும் மாடிஃபை உரிமை தானாக வந்துவிடும். பழைய சாஃப்ட்வேர்கள் அங்கே சமர்த்தாக ஓடும். பேக்கப் எடுப்பதும் எளிது: ஒரு ஃபோல்டரைக் காப்பி செய்தால் முடிந்தது. குறை என்னவென்றால், மேலே சொன்ன எக்ஸிகியூட்டபிள் ஆபத்து இங்கேயும் அப்படியே உண்டு.

டேட்டா ஃபோல்டரை செட்டிங்ஸில் தனியாகக் குறிப்பிட சாஃப்ட்வேர் இடம் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு அந்த வழிக்குப் போங்கள். புரோகிராம் தன் இடத்திலேயே இருக்கட்டும், டேட்டா மட்டும் வெளியே வரட்டும். செட்டிங்ஸில் அந்த வசதி இல்லையென்றால், ஒரே கணினி, ஒரே லாகின் உள்ள கடைக்கு இடம் மாற்றுவதையும், பலர் பயன்படுத்தும் கணினிக்கு உள் ஃபோல்டருக்கு மட்டும் மாடிஃபை கொடுப்பதையும் தேர்ந்தெடுப்பேன். எப்படிச் செய்தாலும் வர்ச்சுவல்ஸ்டோரில் பழைய டேட்டா இருக்கிறதா என்று முதலில் பார்த்து, இருந்தால் அதையே புது இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். புரோகிராம் ஃபைல்ஸில் கிடப்பது பெரும்பாலும் நிறுவிய நாளில் இருந்த வெற்று ஃபைல்.

டி டிரைவில் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் கொடுத்துப் புதிதாக விண்டோஸ் போட்டுக்கொண்டு வந்த பிறகு, டி டிரைவில் பத்திரமாக இருந்த ஃபைல்கள் திறக்க மறுக்கலாம். போட்டவர் மேல் குற்றமில்லை. அந்த ஃபைல்களின் உரிமையாளராகப் பதிவாகியிருப்பது பழைய விண்டோஸில் இருந்த பயனரின் அடையாள எண். அதே பெயரில் புதுப் பயனரை உருவாக்கினாலும் எண் வேறு. செக்யூரிட்டி பக்கத்தில் 'அக்கவுன்ட் அன்நோன்' என்று நீளமான எண்ணோடு தெரிவது அதுதான். அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய் அந்த ஃபோல்டருக்கு மட்டும் உரிமையாளரை மாற்றினால் சரியாகிவிடும். டிரைவ் முழுவதற்கும் செய்ய வேண்டாம். சி டிரைவின் வேரில் போய் 'உள்ளே இருப்பது எல்லாவற்றுக்கும் இதையே போடு' என்ற டிக்கைக் கட்டாயம் தொடாதீர்கள். விண்டோஸின் சொந்த ஃபைல்களின் அனுமதிகள் கலைந்துவிட்டால் திரும்ப விண்டோஸ் போடுவதுதான் வழி.

கோடு உங்கள் கையில் இருந்தால்

அப்போது தயங்கவே வேண்டாம், புரோகிராமைத் திருத்துங்கள். மேலே சொன்னவையெல்லாம் சுற்றி வளைத்துப் போகும் பாதைகள்.

பீன்யா மாதிரி இடங்களில் அதிகம் பார்ப்பது இது: அளவுக் கருவியின் ரீடிங்கை எடுத்து சிஎஸ்வியாக எழுதும் சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட். ஃபைலின் பெயர் மட்டும் கொடுத்து, பாதை கொடுக்காமல் எழுதியிருப்பார்கள். கையால் ஓட்டும்போது ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரிலேயே ஃபைல் விழும். குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் போட்ட அன்று அனுமதி மறுப்பு. காரணம், ஷெட்யூலரில் 'ஸ்டார்ட் இன்' கட்டத்தை நிரப்பாவிட்டால் ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கும் இடம் விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டர். அங்கே யாரை எழுத விடுவார்கள்? லினக்ஸில் சிஸ்டம்டி சர்வீஸாக (பின்னணியில் தானாக ஓடுவது) ஓட்டினால் தொடக்க இடம் ஃபைல் சிஸ்டத்தின் வேர், அங்கேயும் அதே கதை. இந்த நிலையில் அட்மின் உரிமை கொடுத்தால் ஸ்கிரிப்ட் சந்தோஷமாக சிஸ்டம்32க்குள்ளேயே உங்கள் ரீடிங்கைக் கொட்டிக்கொண்டிருக்கும். முழுப் பாதையைக் கோடில் எழுதுங்கள், அனுமதியைத் தொடவே வேண்டியிருக்காது.

எந்தப் பாதை என்பதற்கு விண்டோஸில் மூன்று நல்ல பதில் உண்டு. பயனர் தானே திறந்து பார்க்கப்போகும் ரிப்போர்ட் என்றால் டாக்குமென்ட்ஸ். புரோகிராம் தனக்காக வைத்துக்கொள்ளும் செட்டிங்ஸ் போன்றவை என்றால் ஆப்டேட்டா. ஒரே கணினியில் பலர் பகிரும் டேட்டா என்றால் புரோகிராம்டேட்டா. மூன்றாவதில் ஒரு மறைவான முள் இருக்கிறது. புரோகிராம்டேட்டாவில் யார் வேண்டுமானாலும் புது ஃபைல் உருவாக்கலாம், ஆனால் ஒருவர் உருவாக்கியதை மற்றவர் படிக்கத்தான் முடியும், மாற்ற முடியாது. காலை ஷிப்ட்டில் ஒருவர் தொடங்கிய ரீடிங் ஃபைலில் மாலை ஷிப்ட் ஆள் சேர்க்கப் போனால் மறுப்பு வரும். நிறுவும்போதே அட்மின் உரிமையோடு உங்கள் உள் ஃபோல்டருக்கு யூசர்ஸ் குழுவுக்கான மாடிஃபை உரிமையைக் கொடுத்துவிட்டால் இது தீரும். பாதைகளைக் கையால் எழுதாமல் விண்டோஸிடமே கேட்டு வாங்குங்கள். ஒன்டிரைவ் சேர்ந்திருக்கும் கணினிகளில் டாக்குமென்ட்ஸ் நீங்கள் நினைக்கும் இடத்தில் இருக்காது.

சேமிக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்பதையும் அப்போதே எழுதிவிட வேண்டும். பிழையைப் பிடித்து விழுங்கிவிட்டு 'சேவ்டு' என்று காட்டும் புரோகிராம்களைப் பார்த்திருக்கிறேன். நாள் முழுக்க எடுத்த ரீடிங் போனால் அந்தப் பாகங்களைத் திரும்ப அளக்க முடியாது, வண்டி ஏறிப் போயிருக்கும். எங்கே எழுத முடியவில்லை என்று முழுப் பாதையோடு சொல்லி, வேறு இடத்தைக் கேட்கட்டும். பதில் வரும்வரை டேட்டாவை நினைவகத்திலிருந்து விடக் கூடாது. எக்செலில் திறந்திருப்பதால் எழுத முடியவில்லை என்றால், பெயரோடு நேரத்தைச் சேர்த்துப் புது ஃபைலாக எழுதி அதைப் பயனருக்குத் தெரியப்படுத்தலாம். இந்தச் சின்ன மாற்றத்துக்குப் பிறகு பட்டறைகளிலிருந்து வரும் போன்கள் வெகுவாகக் குறையும்.

லினக்ஸ் பக்கம்: சுடோ, 777, குழு

எலக்ட்ரானிக் சிட்டி தம்பிகள் முதலில் தொடுவது சுடோ, அதாவது கட்டளையை ரூட் என்ற முழு அதிகாரப் பயனராக ஓட்டுவது. ஸ்கிரிப்டை சுடோவோடு ஓட்டினால் எழுதும், ஆனால் எழுதிய ஃபைலின் உரிமையாளர் ரூட் ஆகிவிடுவார். மறுநாள் சுடோ இல்லாமல் ஓட்டினால் அதே ஃபைலில் எழுத முடியாது. பிழையை ஒரு நாள் தள்ளிப்போட்டு, கூடவே பெருக்கியும் விட்டிருக்கிறோம். புரோகிராமைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் ஓட்டும் டாக்கரில் இதே கதை வேறு உருவில் வரும். கன்டெய்னருக்குள் பெரும்பாலும் ரூட்டாக ஓடும், வெளியிலிருந்து மவுன்ட் செய்த (உள்ளே இணைத்த) ஃபோல்டரில் அது எழுதுவதெல்லாம் ரூட்டின் பெயரில் விழும். லேப்டாப்பில் டாக்கர் டெஸ்க்டாப் இதை மறைத்துவிடுவதால், லினக்ஸ் சர்வரில் ஏற்றிய பிறகுதான் தெரிய வரும். கன்டெய்னரைத் தொடங்கும்போதே 'யூசர்' விருப்பத்தில் உங்கள் பயனர் எண்ணையும் குழு எண்ணையும் கொடுத்துவிடுவது நல்ல வழக்கம்.

777 பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றையும் கூட்டி உரிமையாளர், குழு, மற்ற எல்லோர் என்று மூவருக்கும் வாரி வழங்குவது அது. கல்லாப்பெட்டி சாவி கிடைக்கவில்லை என்று கடையின் ஷட்டரையே கழற்றி வைப்பதைப் போன்றது. அதையும் 'உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும்' என்று ஹோம் டைரக்டரியில் போட்டால் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வரில் நுழையும் வழி) சாவி வைத்து லாகின் செய்ய முடியாமல் போகும், ஏனென்றால் எல்லோரும் எழுதக்கூடிய இடத்தில் இருக்கும் சாவியை எஸ்எஸ்ஹெச் நம்ப மறுக்கும். தொலைவில் இருக்கும் சர்வர் என்றால் அன்று இரவு தூக்கம் போச்சு.

சரியான வழி உரிமையாளரைத் திருத்துவதில் தொடங்குகிறது. ஒரே பயனர் அல்லது ஒரே சர்வீஸ் எழுதும் டேட்டா என்றால், அந்த ஃபோல்டரை அவர் பெயருக்கே மாற்றிவிடுங்கள், வேறு எதுவும் வேண்டாம். சிஸ்டம்டி சர்வீஸ் என்றால் யூனிட் ஃபைலில் 'ஸ்டேட் டைரக்டரி' என்ற ஒரு வரி போதும். வார்-லிப் (/var/lib) இடத்தில் சரியான உரிமையாளரோடு ஃபோல்டரை அதுவே உருவாக்கித் தரும்.

பலர் எழுதும் ஃபோல்டர் என்றால் ஒரு குழு அமைத்து, ஃபோல்டரை அந்தக் குழுவுக்குக் கொடுத்து, 2775 போடுங்கள். முன்னால் இருக்கும் 2தான் முக்கியம். யார் ஃபைல் உருவாக்கினாலும் அது அந்தக் குழுவின் பெயரிலேயே பிறக்கும். இதோடு முடியாது. யூமாஸ்க் (புது ஃபைலில் எந்த உரிமைகளைக் கழிப்பது என்று சொல்லும் எண்) 022 ஆக இருந்தால் புது ஃபைலில் குழுவுக்கு எழுதும் உரிமை இருக்காது, முதல் நாள் ஓடி இரண்டாம் நாள் நிற்கும். யூமாஸ்க்கை 002 ஆக்க வேண்டும். பல சர்வீஸ்கள் எழுதும் இடத்தில் ஒவ்வொன்றின் யூமாஸ்க்கையும் துரத்திக்கொண்டிருக்க முடியாது என்றால், ஃபோல்டருக்கு 'டிஃபால்ட் ஏசிஎல்' (புது ஃபைல்களுக்குத் தானாகப் போகும் அனுமதிப் பட்டியல்) அமைத்துவிடுங்கள். அது இருக்கும் இடத்தில் யூமாஸ்க் பொருட்படுத்தப்படாது. எனக்குக் குழுவைவிட இதுவே பிடிக்கும், கொஞ்சம் படித்துக்கொள்ள வேண்டியிருந்தாலும். குழுவில் புதிதாகச் சேர்த்தவர் ஒருமுறை வெளியேறித் திரும்ப லாகின் செய்தால்தான் அது அமலுக்கு வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 'எல்லாம் செஞ்சுட்டேன், இன்னும் வரல' என்பவர்களில் பலர் இங்கேதான் நிற்கிறார்கள்.

லினக்ஸில் ஒரு ஃபைலை அழிக்கவோ பெயர் மாற்றவோ தேவைப்படுவது ஃபோல்டரின் எழுதும் உரிமை, ஃபைலினுடையது அல்ல. தற்காலிக ஃபைலில் எழுதிப் பெயர் மாற்றும் புரோகிராம்களுக்கு இது முக்கியம். ஃபைல் உரிமைகள் எல்லாம் சரியாக இருந்தும் மறுப்பு வந்தால், ரெட் ஹேட் குடும்பத்து சர்வர்களில் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கின் ஆடிட் லாகைப் (பதிவேட்டை) பாருங்கள். அதை அணைத்து வைப்பது தீர்வாகாது. 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்று வந்தால் அது வேறு நோய். டிஸ்க்கில் பழுது கண்டு கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) தானே எழுதுவதை நிறுத்தியிருக்கலாம். அனுமதியில் கை வைக்காமல் முதலில் பேக்கப் எடுங்கள்.

நெட்வொர்க், மேக்

பகிர்ந்த நெட்வொர்க் ஃபோல்டரில் இரண்டு அனுமதிகள் சேர்ந்து வேலை செய்யும்: ஷேருக்கு ஒன்று, உள்ளே ஃபைல் சிஸ்டத்துக்கு ஒன்று. இரண்டில் எது இறுக்கமோ அதுவே செல்லும். ஒன்றை மட்டும் தளர்த்திவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. இரண்டு மூன்று கவுன்டர்கள் ஒரே எஸ்கியூலைட் ஃபைலை நெட்வொர்க் வழியாக எழுதிக்கொண்டிருந்தால் அனுமதியைச் சரிசெய்து அதைத் தொடர வைக்காதீர்கள். நெட்வொர்க் ஃபைல் சிஸ்டங்களில் பூட்டு நம்பகமானதல்ல, டேட்டாபேஸ் கெட்டுப்போகும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் மாதிரி ஒரு டேட்டாபேஸ் சர்வருக்கு மாறும் வேளை அது.

மேக்கில் 2019இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றுக்கும் ஒவ்வொரு புரோகிராமும் தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும். ஒருமுறை 'வேண்டாம்' அழுத்திவிட்டால் பிரைவசி செட்டிங்ஸில் போய் மாற்றலாம். விண்டோஸில் என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மேட் செய்த பென் டிரைவில் மேக் படிக்கும், எழுதாது. எக்ஸ்ஃபாட் ஆக மாற்றினால் இரண்டிலும் எழுதலாம். ஃபார்மேட் செய்யும் முன் உள்ளே இருப்பதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியை எடுத்தாலும், தொடும் முன் இப்போதைய அனுமதிகளைப் பதிவு செய்துகொள்ளுங்கள். விண்டோஸின் ஐகாக்ல்ஸ் கட்டளைக்கு 'சேவ்', 'ரீஸ்டோர்' என்று இரண்டு விருப்பங்கள் உண்டு. லினக்ஸில் கெட்ஃபாக்ல் கட்டளை எடுத்து வைத்ததை செட்ஃபாக்ல் திரும்பப் போட்டுவிடும். மாற்றிய பிறகு சோதிப்பதை உங்கள் அட்மின் லாகினில் செய்யாதீர்கள், அங்கே எல்லாம் ஓடும். கவுன்டர் ஊழியரின் லாகினில் ஒரு பில் போடச் சொல்லுங்கள். அதை இன்னொருவர் லாகினில் திறந்து திருத்திச் சேமிக்கச் சொல்லுங்கள். கணினியை அணைத்துப் போட்ட பிறகு இரண்டையும் இன்னொரு தடவை பாருங்கள்.